ஐயாற்றைப் பிடித்து மேலே: பச்சமலைக்கும் கொல்லிமலைக்கும் எட்டு நாள்

கார்த்திகை மழை ஓய்ந்த மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்குள் உச்சிப் பிள்ளையார் கோயிலுக்குப் படி ஏறி வடக்கே பாருங்கள். காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள், அதற்கப்பால் கொள்ளிடம். எல்லாம் தாண்டி அடிவானத்தில் மங்கலான நீலக்கோடு ஒன்று தெரியும். வலப்பக்கம் இருப்பது பச்சமலை. இடப்பக்கம் தள்ளி, கொஞ்சம் உயரமாக நிற்பது கொல்லிமலை. மாசி பிறந்து புழுதி கிளம்பிவிட்டால் இரண்டும் மறைந்துவிடும். அதனாலோ என்னவோ, திருச்சிக்காரர்களுக்கு மலை என்றதும் கொடைக்கானலும் ஊட்டியும்தான் நினைவுக்கு வருகின்றன. கண்ணுக்கு எதிரே நிற்கும் மலைக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் பாதிப் பேர் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போனவர்களாக இருப்பார்கள். மீதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை காரில் போய் அருவியில் குளித்துவிட்டு இரவே திரும்பியவர்கள்.

நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். வாடகைக் கார், இரண்டு நாள், பார்க்க வேண்டிய இடங்கள் என்று கையில் பதினொரு பெயர். பதினொன்றையும் பார்த்தோம். இன்று நினைவில் நிற்பது கொல்லிமலைப் பாதையின் நாற்பதாவது வளைவில் கார் நின்றதும், என் மைத்துனர் இறங்கி வாந்தி எடுத்ததும்தான். இந்த அத்தியாயம் அந்தப் பயணத்துக்கு நான் செய்யும் பரிகாரம்.

இங்கே சொல்லப்போவது எட்டுநாள் சுற்று. பஸ்ஸிலும் கால்நடையிலுமாக, ஸ்ரீரங்கத்தில் தொடங்கி ஸ்ரீரங்கத்தில் முடிவது. ஊர்ப்பெயர்களை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போவது இதன் சூட்சுமம். கொல்லிமலையில் ஆகாயகங்கையாக விழும் ஐயாறு, புளியஞ்சோலையில் சமவெளிக்கு இறங்கி, காவிரியை நோக்கி வருகிறது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் நாம் முழுகும் தண்ணீரெல்லாம் மேட்டூரிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறோம். ஐப்பசியில் அதில் ஒரு கை இந்த மலையினுடையதாகவும் இருக்கும். அந்த ஒரு கை தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போவதுதான் இந்தப் பயணம்.

நாள் கணக்கு

முதலில் எத்தனை நாள் என்று முடிவு செய்யுங்கள். எந்தெந்த இடம் என்பது அப்புறம். இந்த மலைகளில் பயணத்தைக் கெடுப்பது தூரம் இல்லை, பஸ் நேரம். திருச்சியிலிருந்து, பச்சமலை மேல் இருக்கும் டாப் செங்காட்டுப்பட்டி சுமார் 80 கிலோமீட்டர்தான். ஆனால் துறையூரிலிருந்து மேலே போகும் பஸ் நாளைக்குச் சில தடவைதான். ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் போயிற்று. ஒரே ஊரில் இரண்டு இரவு தங்குகிறவருக்கு அந்த அரை நாள் நஷ்டமில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். இரவுக்கு ஓர் ஊர் என்று திட்டம் போட்டவருக்கு அதோடு மொத்தக் கணக்கும் சரிந்துவிடும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: துறையூரில் ஓர் இரவு, பச்சமலையில் இரண்டு, மறுபடி துறையூரில் ஒன்று, கொல்லிமலையில் மூன்று. எட்டாம் நாள் மாலை வீடு. நாள் குறைவாக இருந்தால் எல்லாவற்றிலும் ஒவ்வோர் இரவைக் கிள்ளாதீர்கள். ஒரு மலையை அப்படியே விட்டுவிடுங்கள். நான்கு நாள்தான் உண்டென்றால் பச்சமலை மட்டும், இல்லையேல் கொல்லிமலை மட்டும்.

காலம்: ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அருவிகள் நிறைந்து விழும். ஆனால் வெள்ளம் அதிகமானால் வனத்துறை அருவிப் பாதைகளை மூடிவிடும், மலைச்சாலையில் கல்லும் மண்ணும் சரியும். மார்கழி பாதியிலிருந்து மாசி பாதி வரை நடப்பதற்கு உகந்தது. தண்ணீரும் இருக்கும், வானமும் தெளிவாக இருக்கும், இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. வைகாசி, ஆனியில் போனால் பலா. அந்த வாசனைக்காகவே போகலாம், அருவியில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காமல். ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலைப் பக்கம் போகவேண்டாம். வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கும் நாட்கள் அவை. விழாவைப் பார்க்க வேண்டுமானால் போங்கள், மெதுவான பயணம் என்று மட்டும் அதற்குப் பெயர் வைக்காதீர்கள். சனி, ஞாயிறு இரண்டையும் துறையூரிலோ பச்சமலையிலோ கழித்துவிட்டு, கொல்லிமலைக்குத் திங்கள் அல்லது செவ்வாய் ஏறும்படி புறப்படுங்கள்.

திருவெள்ளறையில் இறங்குங்கள்

துறையூர் பஸ் சத்திரம் பஸ் நிலையத்தில் கிடைக்கும், அடிக்கடி உண்டு. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் அதற்காகச் சத்திரம் போகவேண்டாம். திருவானைக்காவல் பக்கமோ, கொள்ளிடப் பாலம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட்டிலோ ஏறிக்கொள்ளலாம். உட்கார இடம் கிடைக்குமா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

மண்ணச்சநல்லூர் தாண்டி, திருச்சியிலிருந்து 20 கிலோமீட்டர் சுமாரில் திருவெள்ளறை வரும். இங்கே இறங்கிவிடுங்கள். புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலுக்கு ஸ்ரீரங்கத்தைவிடப் பழமை சொல்வார்கள், ஆதி வெள்ளறை என்ற பெயரே உண்டு. உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று இரண்டு. ஆண்டில் பாதி ஒன்று, மீதிப் பாதி மற்றது திறந்திருக்கும். கோயிலைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், வெளியே தள்ளியிருக்கும் ஸ்வஸ்திகக் கிணற்றுக்கும் போங்கள். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பவர் வெட்டியது. கல்வெட்டில் இதன் பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு. நான்கு பக்கமும் படிகள் இறங்கி, ஒவ்வொன்றும் ஒரு முழங்கைபோல மடங்குகிறது. ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறையில் குளிப்பவரைப் பார்க்க முடியாது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீருக்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். தண்ணீரைத் துரத்திப் போகும் பயணத்துக்கு இதைவிட நல்ல முதல் நிறுத்தம் எனக்குத் தெரியவில்லை.

உச்சிக்குள் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் துறையூர் போய்விடலாம்.

ஏரிக்கரையிலிருந்து மலை

துறையூரைப் பலரும் பஸ் மாறும் ஊராகத்தான் பார்க்கிறார்கள். ஓர் இரவு தங்கினால்தான் இந்தப் பகுதியின் கட்டமைப்பு புரியும். ஊரை ஒட்டிப் பெரிய ஏரி, சின்ன ஏரி என்று இரண்டு. சின்ன ஏரியின் நடுவே நிற்கும் மண்டபம் ஜமீன் காலத்து மிச்சம். மாலை ஐந்தரைக்கு ஏரிக்கரைக்குப் போங்கள். கரையில் குப்பை கிடக்கும், ஆகாயத்தாமரை படர்ந்திருக்கும். அதையெல்லாம் தாண்டிக் கண்ணைத் தூக்கினால் வடக்கில் மலை.

மலையும் ஏரியும் இங்கே இரண்டு தனிச் சங்கதிகள் இல்லை. மலையில் பெய்வது காட்டாறாக இறங்கி, அடிவாரத்து ஏரிகளில் தேங்கி, வயலுக்குப் போகிறது. பச்சமலையைச் சுற்றி நடந்தால் காலுக்குக் கால் ஏரி. தெற்கே துறையூர் ஏரிகள். கிழக்கே பெரம்பலூர் மாவட்டத்தில் அரும்பாவூரின் ஏரிகள். அங்கேயே கல்லாற்றின் குறுக்கே, பச்சமலைக்கும் செம்மலைக்கும் நடுவே கட்டிய விசுவக்குடி நீர்த்தேக்கம். இருபக்கமும் மலை, நடுவில் நீர் என்ற காட்சிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கூடுதலாக ஒரு நாள் இருப்பவர்கள் துறையூரிலிருந்து பெரம்பலூர்ப் பக்கம் திரும்பி அதைப் பார்த்துவரலாம். அரும்பாவூரில் மரச்சிற்பம் செதுக்கும் பட்டறைகள் உண்டு, அந்தச் சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெருவில் நடந்தாலே உளிச் சத்தம் கேட்கும். விலை விசாரிக்கப் போகாதவர்களையும் உட்காரச் சொல்கிறார்கள்.

துறையூரில் தங்கும் விடுதிகள் எளிமையானவை. கொசுவத்தி உங்களுடையதாக இருக்கட்டும். மலையில் தேவைப்படும் பணத்தை இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னல் போனால் போன்வழிப் பணமும் போச்சு.

மறுநாள் விடியலில் பெருமாள்மலை ஏறலாம். பிரசன்ன வேங்கடாசலபதி கோயில், தென் திருப்பதி என்பார்கள். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் படிகள். வண்டிப்பாதையும் இருக்கிறது. அடுத்த வாரம் ஆகாயகங்கைப் படி இறங்கி ஏறப்போகும் முழங்கால்களுக்கு இது ஒத்திகை. இங்கேயே மூச்சு முட்டினால் அங்கே போகவேண்டாம் என்று அர்த்தம். முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

பச்சமலை: இரண்டு இரவு

பஸ்ஸில் ஏறும்போது ‘டாப் செங்காட்டுப்பட்டி’ என்று முழுப்பெயரைச் சொல்லுங்கள். வெறும் செங்காட்டுப்பட்டி என்றால் துறையூர்ப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, அங்கே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். உப்பிலியபுரம், சோபனபுரம் வழியாக வண்டி போகும். சோபனபுரத்தில் சமவெளி முடிகிறது.

பச்சமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. திருச்சி, பெரம்பலூர், சேலம் மூன்று மாவட்டங்களிலும் கால் பரப்பி நிற்கிறது. உயரம் 500 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரை. ஊட்டிக் குளிரை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து திட்டிவிட்டுப் போவார்கள். இங்கே பகலில் வெயில் வெயில்தான். மரவள்ளிக் காடு, முந்திரித் தோப்பு, நடுநடுவே ஓட்டு வீடுகள், புதிதாக வந்த காங்கிரீட் வீடுகள். கண்ணைப் பறிக்கும் காட்சி என்று ஒன்றைக்கூட என்னால் சுட்டிக்காட்ட முடியாது. இரண்டு இரவு இருந்தால் பிடித்துப்போகும் மலை, ஒரு பகல் இருந்தால் பிடிக்காத மலை.

வனத்துறையின் சூழல் சுற்றுலாத் தங்குமிடம் மேலே இருக்கிறது. திருச்சி வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டு உறுதி செய்துகொண்டே கிளம்புங்கள். உறுதி என்றால் எழுத்தில், ரசீதோடு. ஒரு முறை, எந்த மலை, எந்த விடுதி என்று சொல்லமாட்டேன், போனில் ‘வாங்க சார், பார்த்துக்கலாம்’ என்று சொன்னவரை நம்பிப் போனேன். அங்கே கல்யாணக் கூட்டம். அந்த இரவைப் பள்ளிக்கூடத் திண்ணையில் கழித்தேன். தூக்கம் வரவில்லை. அத்தனை நட்சத்திரத்தை அதற்குமுன் பார்த்ததில்லை என்பது வேறு.

இந்த மலைகளில் வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் அந்தப் பெயர். தமிழ்தான் பேசுகிறார்கள், பட்டியல் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்ததாகவும், நடுவண்ணன் பச்சமலையிலும் சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கிவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். கதை ஊருக்கு ஊர் மாறும். யாராவது பெரியவர் சொல்ல ஆரம்பித்தால் ‘அங்கே வேறு மாதிரி சொன்னார்களே’ என்று குறுக்கிடாமல் கேளுங்கள். ஊர்களை நாடு நாடாகப் பிரித்திருக்கிறார்கள். பச்சமலையில் வண்ணாடு, தென்பறநாடு, கோம்பை என்று பெயர்கள் காதில் விழும். வழி கேட்கும்போது அது உதவும்.

இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான், நடப்பது. முதல்நாள் மாலை ஊரைச் சுற்றி. இரண்டாம் நாள் மங்களம் அருவி வரை. மழை கழிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தால் அருவி நூலாகத்தான் இருக்கும், பாறையையும் பள்ளத்தையும் பார்க்கப் போனதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பையன் ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள், பேசிய கூலியைக் குறைக்காதீர்கள். சாலையை விட்டுக் காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். காட்டெருமை நடமாட்டம் உண்டு. யானை இல்லையே என்ற தைரியத்தில் இருட்டில் திரிந்துவிட்டு வந்து கதை சொல்பவர்கள் இருக்கிறார்கள். கதை சொல்ல வராதவர்களும் இருக்கலாம் அல்லவா?

சாப்பாட்டுக் கடை என்று பெரிதாக எதுவும் இல்லை. காலையில் சாப்பிடும்போதே மதியத்துக்குச் சொல்லிவிட வேண்டும். எத்தனை பேர், என்ன வேண்டும், எத்தனை மணிக்கு. சொல்லாமல் ஒரு மணிக்குப் போய் நின்றால் பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான்.

புளியஞ்சோலை

நான்காம் நாள் காலை கீழே இறங்கி, உப்பிலியபுரத்திலிருந்து புளியஞ்சோலைக்குப் போங்கள். பச்சமலையை விட்டுக் கொல்லிமலையின் காலடிக்கு வந்துவிட்டீர்கள். ஐயாறு இங்கேதான் பாறைகளுக்கு நடுவே உருண்டு வருகிறது. இடுப்பளவுத் தண்ணீர், அடியில் கூழாங்கல், மேலே மரநிழல். மதியம்வரை அதில் கிடந்துவிட்டுத் துறையூருக்கே திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள். பாறைகள் வழுக்கும். ஆழம் தெரியாத மடுக்களில் இறங்காதீர்கள். மேலே மழை பெய்து இங்கே வெயிலடிக்கும் நேரத்தில்தான் திடீரென்று தண்ணீர் கூடும். நீர் கலங்கினாலோ சருகு மிதந்து வந்தாலோ துணியைக்கூட எடுக்காமல் கரையேறுங்கள்.

நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை செங்குத்தாகத் தலைக்குமேல் நிற்கும். ‘இப்படியே ஏறிவிட்டால் ஆகாயகங்கைதானே?’ என்று யாருக்கும் தோன்றும். ஒற்றையடிப் பாதை இருக்கிறது, ஊர்க்காரர்கள் ஏறியும் இருக்கிறார்கள். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அதில் கால் வைக்காதீர்கள். பஸ் இதே மலைக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு, நாமக்கல் போய், மறுபக்கமாக ஏறும். காக்கை பறக்கும் தூரம் கையெட்டும் தூரம், பஸ்ஸுக்கு ஒரு நாள். இந்தப் பயணம் எவ்வளவு மெதுவானது என்பது இங்கேதான் முழுதாகப் புரியும்.

ஒரு பூகோளச் செய்தி, எனக்குப் பிடித்தது என்பதால் சொல்கிறேன். பச்சமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கில் தெற்கே சரிந்த மழை ஐயாற்றில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. வடக்கே சரிந்தது சுவேத நதியாகி, தம்மம்பட்டி வழியே போய் வெள்ளாற்றில் விழுந்து, பரங்கிப்பேட்டையில் கடலைப் பார்க்கிறது. ஒரே மேகம்தான். எந்தச் சரிவில் விழுந்தது என்பதுதான் கணக்கு.

எழுபது வளைவு

துறையூரிலிருந்து நாமக்கல்லுக்குத் தா.பேட்டை, எருமப்பட்டி வழியாகப் பஸ் உண்டு. முதல் பஸ்ஸைப் பிடித்தால் நாமக்கல்லில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். ஆஞ்சநேயர், குடைவரை நரசிம்மர், ஒற்றைப் பாறைக்கோட்டை, கமலாலயக் குளம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். அவசரப்பட வேண்டாம், ஆனால் கொல்லிமலை பஸ் எப்போது என்று முதலில் விசாரித்துவிட்டுக் கோயிலுக்குப் போங்கள்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. காரவள்ளியில் மலை தொடங்குகிறது. சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. தமிழ்நாட்டின் எந்த மலைப்பாதைக்கும் இதற்குமுன் பயப்படாதவர்களும் ஐம்பதாவது வளைவில் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். என் அனுபவத்தில் மூன்று சங்கதிகள் பலித்தன: காலையில் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடாதது, பஸ்ஸின் முன்பாதியில் உட்கார்ந்தது, போனைப் பையில் போட்டுவிட்டு ஓட்டுநர் பார்க்கும் பாதையையே பார்த்தது. இஞ்சி மரப்பாவும் எலுமிச்சம்பழமும் மனசுக்குத் தைரியம். பிளாஸ்டிக் பை ஒன்று சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் முன்பு இருந்தது. 2019-லிருந்து அதற்கும் தடை என்பதால் காகிதப் பையை இரண்டாக மடித்து வைத்துக்கொள்கிறேன்.

சொந்த பைக்கில் வருகிறவர்கள் பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர், மேலே ஏறும் வண்டிக்கு வழி. இருட்டியபின் இந்தப் பாதை உங்களுக்கானதில்லை.

கொல்லிமலை: மூன்று இரவு

செம்மேட்டில் தங்குவது வசதி. கடை, மருந்து, பஸ் எல்லாம் அங்கேதான். குதிரைமேல் வில்லோடு ஓரி சிலையாக நிற்பதும் அங்கேதான். கடையெழு வள்ளல்களில் ஒருவர். திருக்கோவலூர்க் காரியோடு போரிட்டு மாண்டார், மலை சேரர் கைக்குப் போனது. சிலையின் கீழே இப்போது ஷேர் ஆட்டோக்காரர்கள் நிற்கிறார்கள்.

உயரம் 1,000 மீட்டரிலிருந்து 1,300 மீட்டர். வளப்பூர்நாடு, அரியூர்நாடு, சேலூர்நாடு, தின்னனூர்நாடு என்று பதினான்கு நாடுகள். மேலே வந்தபின் மலை கிட்டத்தட்ட மேடுபள்ளமான வயல்காடாகிவிடும். படிப்படியாக நெல், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக், காபி, பலா, அன்னாசி. முன்பு சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளை ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி பிடித்துக்கொண்டது. 1990களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியங்களை மீட்க வேலை செய்தது. கேட்டால் சாமைச்சோறு சமைத்துத் தருகிற வீடுகள் உண்டு. கேட்காவிட்டால் பரோட்டாதான்.

முதல்நாள் எங்கும் போகவேண்டாம். பஸ் ஆடிய ஆட்டம் தணிய அரை நாள் ஆகும். நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது டீக்கடை ஆத்தாள் கேட்டார்:

“எத்தன நாளு சாமி இருப்பீங்க?”

“மூணு நாளு, ஆத்தா.”

“மூணு நாளா? அருவிய பாக்க அரை நாளு போதுமே. மிச்ச நாளுக்கு இங்க என்ன பண்ணுவீங்க?”

பதில் தெரியவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

இரண்டாம் நாளை முழுக்க அறப்பளீஸ்வரருக்கும் ஆகாயகங்கைக்கும் கொடுங்கள். அப்பர் பெயர் சொன்ன வைப்புத்தலம். அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் இந்த இறைவன் மேல் பாடியதுதான். கோயிலருகே ஓடும் ஆற்றில் மீன்களுக்குப் பொரி போடுவார்கள், யாரும் பிடிக்கமாட்டார்கள். அறுத்த மீன் மறுபடி ஒட்டி உயிர்பெற்று ஓடிய கதையை அர்ச்சகர் சொல்வார். அந்த ஆறு ஐயாறு. புளியஞ்சோலையில் நான்காம் நாள் உங்கள் இடுப்பைத் தொட்ட அதே தண்ணீரின் மேல்வீடு இது.

கோயிலை ஒட்டி அருவிக்குப் படிகள் இறங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேல், செங்குத்து, சில இடங்களில் ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். இறங்குவது அரைமணி, ஏறுவது அவரவர் வயது. பிற்பகலுக்குமேல் இறங்க விடமாட்டார்கள், ஆகவே காலையிலேயே போங்கள். கீழே சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர். காற்றோடு வரும் சாரல் நின்ற இடத்திலேயே நனைத்துவிடும். நேர் கீழே போய் நிற்காதீர்கள், கல்லும் வரும். இதய நோய், முட்டிவலி உள்ளவர்கள் கோயில் ஆற்றங்கரையிலேயே மீன்களோடு இருந்துவிடலாம். அதிலும் குறையொன்றுமில்லை.

ஏறி வரும் வழியில் முடவாட்டுக்கால் சூப் விற்பார்கள். ஆட்டுக்கால் போல ரோமம் மூடிய கிழங்கு. உண்மையில் பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு பெரணிச் செடியின் தண்டு. மிளகு தூக்கலாகப் போட்டுச் சுடச்சுட ஒரு டம்ளர் குடித்தால் கால்வலி போகிறதோ இல்லையோ, அடுத்த இருநூறு படி ஏற மனசு வரும். அங்கேயே குடியுங்கள். கிலோ கணக்கில் கிழங்கை வாங்கி ஊருக்கு மூட்டை கட்டாதீர்கள். காட்டிலிருந்து பெயர்த்து எடுக்கிறார்கள், முளைக்க நாளாகும் செடி.

மூன்றாம் நாளுக்கு வாசலூர்பட்டி ஏரி. சின்ன ஏரிதான். படகு இல்லம் உண்டு. படகில் ஏறாமல் கரையைச் சுற்றி ஒரு நடை போதும். காலையில் பனி தண்ணீரைவிட்டு எழுந்து போவதைப் பார்க்க எட்டு மணிக்குமுன் போக வேண்டும். அங்கிருந்து மாசிலா அருவிக்கோ, எட்டுக்கை அம்மன் கோயிலுக்கோ, சீக்குப்பாறைக் காட்சிமுனைக்கோ ஏதாவது ஒன்றுக்கு. மூன்றுக்கும் போக முடியும், போகவேண்டாம் என்பது என் யோசனை. மாசிப் பெரியண்ணசாமி கோயில் மட்டும் வேறு கணக்கு. திருச்சி, முசிறிப் பக்கத்துப் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். உங்களுக்கு அங்கே உறவு இருந்தால் நான் சொல்ல வேண்டியதில்லை. இல்லையென்றால் கூட்டமாகப் பொங்கல் வைக்கும் இடத்தில் கேமராவோடு நுழையாதீர்கள்.

பையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டார்ச், கம்பளி, உங்கள் மாத்திரைகள், தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், சில்லறை. ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள காலணி. குரங்குகள் இருக்கும் இடத்தில் கையில் எதையும் தொங்கவிடாதீர்கள்.

திரும்பும் வழி

எட்டாம் நாள் செம்மேட்டில் காலை பஸ். இறங்கும் வழியில் வயிறு தொந்தரவு செய்யாது, எனக்கு ஒருமுறையும் செய்ததில்லை. கிளம்புமுன் மிளகு வாங்குங்கள். மணிகளை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, ஈரமாக இருந்தால் ஸ்ரீரங்கம் வந்ததும் மாடியில் இரண்டு நாள் காயவையுங்கள், இல்லையேல் பூத்துவிடும். மலைவாழைப்பழம் வாங்கினால் காயாக வாங்குங்கள்.

நாமக்கல்லில் திருச்சி வண்டி ஏறும்போது வலப்பக்க ஜன்னல் பிடியுங்கள். தொட்டியம், முசிறி, குணசீலம் என்று காவிரியின் வடகரையோடே வண்டி வரும், ஆறு முழுக்க வலப்பக்கம். முக்கொம்புக்கு நேர் எதிரே வரும்போது பொழுது சாய்ந்திருந்தால் இடப்பக்கமும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், வானம் தெளிவாக இருந்தால் மலை தெரியும். பலாப்பழம் வாங்கிவந்திருந்தால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார். சண்டை போடாமல் கொடுத்துவிட்டு, பழத்தைச் சீட்டுக்கு அடியில் நன்றாக முட்டுக் கொடுத்து வையுங்கள். முசிறி பஸ் நிலையத்தில் வண்டி திரும்பும்போது என்னுடையது உருண்டு ஓட்டுநர் கால்வரை போய்விட்டது.